டீசல் டேங்க் என்ன, தகர டப்பாவா?

"எல்லா மாடலுக்கும் செட் ஆகும் சார், எடுத்துட்டுப் போங்க."

சென்னையில வண்டி உதிரிபாகம் விக்கிற புதுப்பேட்டையில பிக்கப் வண்டிக்கு டீசல் டேங்க் கேட்டா முதல் பதில் இதுதான். ஆகாதுங்க! எல்லா வண்டிக்கும் செட் ஆகிற டேங்க்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரே பேர்ல விக்கிற வண்டியிலயே பிஎஸ் 4 (பழைய புகை விதி) எஞ்சினுக்கு வர்றது வேற, 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 எஞ்சினுக்கு வர்றது வேறயா இருக்கலாம். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) மாறினா டேங்க்கைத் தாங்குற பிராக்கெட் இடமும் மாறலாம், பைப் வர்ற பக்கமும் மாறலாம். சேஸிஸ் நம்பர் என்னன்னு ஒரு வார்த்தை கேட்காம, பரண்ல இருந்து ஒண்ணை இறக்கித் தூசி தட்டிக் கையில குடுக்கிறது என்ன வியாபாரம்?

இதுக்கு மெக்கானிக்குங்களும் ஒத்து ஊதுறாங்க. டேங்க்கைக் கட்டுற ஸ்ட்ராப் உக்காந்துச்சா, போல்ட் ஏறிச்சா, டேங்க் சரி. அவ்வளவுதான் சோதனை. உள்ளே யார் பாக்குறா? டீசல் இழுக்கிற பைப்போட நுனிக்கும் டேங்க் அடிக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு விரல் கனம்தான் இடைவெளி. புது டேங்க் ரெண்டு இஞ்ச் ஆழம் கூடினா, அந்த ரெண்டு இஞ்ச் டீசல் எஞ்சினுக்குப் போகவே போகாது. ஆழம் குறைஞ்சா நுனி அடியில முட்டி, தேங்கின சேத்தையும் தண்ணியையும் உறிஞ்சும். டீசல் அளவு காட்ட உள்ளே மிதக்கிற ஃப்ளோட்டும் அப்படித்தான். கை நீளம் சேரலைன்னா, இல்ல அதோட ஓம் அளவு (மின்தடை) மீட்டருக்கு ஒத்து வரலைன்னா, முள்ளு கால் டேங்க் காட்டிக்கிட்டே இருக்கும். வண்டி விடிகாலை மூணு மணிக்கு மதுரவாயல் பைபாஸ்ல நிக்கும். கோயம்பேடு போய்ச் சேர வேண்டிய தக்காளி லோடுக்கு யார் பதில் சொல்றது?

இன்னொரு கொடுமை, "ஜிஐ ஷீட்ல அடிச்சது, துருவே ஏறாது"ன்னு பெருமையா நீட்டுறது. ஜிஐன்னா துத்தநாகம் பூசின இரும்புத் தகடு. உள்பக்கம் அந்தப் பூச்சு இருக்கிற டேங்க் டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசல்ல கரைஞ்சு சோப்பு மாதிரி பிசுக்காகி ஃபில்டரையும், எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் நாசிலையும் அடைக்கும். காமன் ரெயில் எஞ்சின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்ல டீசல் போறது) பிரஷர் 1,000 பாருக்கு மேல ஓடுது, நாசில் துளை தலைமுடி கனம்தான். அங்கே பிசுக்கு போய் உக்காந்தா என்ன ஆகும்? நாலு இன்ஜெக்டரும் கழட்டற நாள்ல, டேங்க்ல மிச்சம் பிடிச்ச காசு ஞாபகத்துக்கு வரும்.

பழைய டேங்க் வாங்குறவங்க ஸ்ட்ராப் படுற கோட்டை மட்டுமாவது குனிஞ்சு பாருங்க. துரு நடுவுல தொடங்காது, அங்கதான் தொடங்கும். ஸ்ட்ராப்புக்கு அடியில ரப்பருக்குப் பதிலா சாக்குத் துணியை மடிச்சு வெச்சிருப்பாங்க. காசிமேட்டுல மீன் ஏத்தற வண்டின்னா உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகி அந்தச் சாக்கு காயவே காயாது, தகடு பொரிஞ்சு செதில் செதிலா வரும். அதுமேல பட்டி பூசி, கறுப்பு பெயின்ட் அடிச்சா பளபளன்னு இருக்கும். ஒரு சின்னக் காந்தம் வெச்சுத் தடவுங்க, பட்டி இருக்கிற இடத்துல பிடி விடும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வண்டிங்க முழுகிக் கிடந்ததைப் பார்த்த ஊரு இது. காந்தம் வெச்சுப் பார்க்கக் கூச்சமே பட வேணாம்.

ஓட்டை விழுந்த டேங்க்கை "தண்ணி ஊத்திக் கழுவியாச்சு"ன்னு சொல்லி வெல்டிங் வெக்கிறவங்களைப் பார்த்தா ரத்தம் கொதிக்குது. காலி டேங்க்தான் நிறைஞ்ச டேங்க்கைவிட ஆபத்து. உள்ளே இருக்கிற தடுப்புத் தகட்டுக்குப் பின்னாடி, மடிப்புல, ஆவி நிக்கும். ஒரு பொறி போதும், ஒரு ஆள் உயிர் போயிடும். இந்த வேலையைத் தெரியாதவங்க கையில விடாதீங்க, விடவே விடாதீங்க.

புதுசு வாங்கினாலும் உடனே மாட்டாதீங்க. எல்லா வாயையும் அடைச்சு 3 பிஎஸ்ஐ காத்து விட்டு, மடிப்பு முழுக்க சோப்புத் தண்ணி தடவுங்க. டயருக்கு அடிக்கிற மாதிரி 30 அடிச்சா மடிப்பு பிதுங்கிடும். அப்புறம் அஞ்சு லிட்டர் டீசல் ஊத்திக் குலுக்கி வெள்ளை வேட்டித் துணியில வடிகட்டுங்க. வெல்டிங் பொடி, இரும்புத் துகள் துணியில நிக்கும். துணியில ஒண்ணும் நிக்காம போற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவுங்க. ஃபில்டரும் புதுசா போடணும், பழசை ஊதிப் போட்டா இத்தனை வேலையும் வீண்.

டீசல் போற ஃபீட் பைப், மிச்சம் திரும்புற ரிட்டர்ன் பைப், டேங்க்குக்குள்ள காத்து வர்ற பிரீதர், மூணுக்கும் கழட்டும்போதே சாக்பீஸ்ல அடையாளம் போடச் சொல்லுங்க. பாதிப் பேர் பிரீதரை "அது எதுக்கு சார்"னு மூடிடுறாங்க. அரை மணி நேரம் ஓடினதும் எஞ்சின் திணறும், மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும். பம்ப் போச்சுன்னு சொல்லிப் பம்ப்பை மாத்துவாங்க. முதல்ல பிரீதரைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்கய்யா!