மதியம் ரெண்டரைக்கு மேல் இங்கிலாந்தில் யாருக்கும் பசிக்கக் கூடாது

"ஸாரி லவ், கிச்சன் இப்பதான் மூடினாங்க."

இப்பதானாம்! நான் பப்புல, பார் முன்னாடி நின்னு நின்னு வேர் விட்டதெல்லாம் யார் கணக்குல வரும்?

இங்கிலாந்து மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஞாயித்துக்கிழமை நடக்கப் போறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சகதியில பூட்ஸ் முழுகி, ஆட்டுப் புழுக்கைக்கு நடுவுல கல்சுவரை ஏறிக் குதிச்சு, வீட்டுக்காரியையும் மச்சினனையும் "இன்னும் ஒரே மேடுதான், இறங்கினா பப்பு, பப்புல ரோஸ்ட்டு"ன்னு ஆசை காட்டியே இழுத்துட்டு வந்தேன். ரோஸ்ட் பீஃப், மேல கிரேவி ஊத்தின யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பு இல்ல, சுட்ட மாவுப் பணியாரம்), கொழுப்புல முறுகின உருளைக்கிழங்கு. மச்சினன் கடைசி ஒரு மைல் முழுக்க இதைப் பத்தி மட்டும்தான் பேசிக்கிட்டு வந்தான்.

உள்ள நுழையும்போது மணி ரெண்டு அஞ்சு. கரும்பலகையில சாக்பீஸால எழுதியிருக்கு: சாப்பாடு 12 முதல் 2.30 வரை. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அத்தனை நேரத்துல ஒரு வீட்டையே விலை பேசி முடிச்சுடலாம். பப்புல மூணு தட்டு சோறு சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாப்புல ரெண்டே பேர் இருந்தாலும் க்யூ கட்டுற ஜனம் இது. பார் முன்னாடி மட்டும் க்யூ கிடையாது. பக்கவாட்டுல பரவி நிப்பாங்க, யாருக்கு அப்புறம் யாருன்னு அவங்கவங்க மனசுக்குள்ளயே தெரியுமாம். கையை ஆட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. கார்டை நீட்டக் கூடாது. எனக்கு ஒரு அவசரமும் இல்லைங்கற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கணும், அவங்களா பார்த்தா உண்டு.

எனக்கு முன்னாடி ஒரு பெரியவர். பார்ல முழங்கை, காலடியில லாப்ரடார். எந்த ஏல், அதாவது எந்த பீர் வேணும்னு அவருக்கு முடிவு பண்ண முடியல. ருசி பார்த்துட்டே சொல்லலாம், இங்க அது வழக்கம். சின்னக் க்ளாஸ்ல ஒரு மடக்கு வந்துச்சு. நாக்கைச் சுழட்டினார், மோட்டுவளையைப் பார்த்தார், "ம்ம்ம்" என்றார். அடுத்தது. அது கொஞ்சம் கசப்பு ஜாஸ்தியாம். அடுத்தது. "அப்ப வழக்கமானதே ஊத்தட்டுமா?"ன்னு பார்ல ஊத்தற அம்மா கேட்டாங்க. "ஆமா"ன்னுட்டார். அதுக்கு எதுக்குய்யா இத்தனை நேர்காணல்?

கதை அதோட முடியல. அந்தம்மா கைப்பம்ப்பை இழுத்தாங்க. ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, பம்ப்பு ஒரு தும்மல் போட்டுது. பீப்பாய் காலி. பம்ப்புல மாட்டியிருந்த பேட்ஜைத் திருப்பி வெச்சுட்டு நிலவறைக்கு இறங்கினாங்க. இறங்கினவங்க இறங்கினவங்கதான்.

ஏல் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பீப்பாய்க்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிச்சு, நிலவறையோட 11–13 டிகிரி குளிர்ச்சியில மேல வர்ற உயிருள்ள சரக்கு அது. பீப்பாயைத் திறந்தா மூணு நாளைக்குள்ள தீர்க்கணும். இது அழிஞ்சுடக் கூடாதுன்னு 1971-ல காம்ரான்னு ஏல் பிரியர்கள் சங்கமே வெச்சுப் போராடினாங்க. அப்படியே பசிச்சு வந்தவனுக்கும் ஒரு சங்கம் வெச்சிருந்தா புண்ணியமா போயிருக்கும்.

ஒருவழியா மேல வந்து ஊத்தினாங்க. பெரியவர் க்ளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். நுரை ஜாஸ்தி. 568 மில்லி பைன்ட்டுல நுரை போக 95 சதவீதமாவது சரக்கு இருக்கணும், குறைஞ்சா கேட்டு வாங்கிக்கலாம்னு அவங்க தொழில்லயே ஒரு நெறிமுறை இருக்கு. கேட்டார். அவர் உரிமை. நுரை அடங்கற வரைக்கும் ரெண்டு பேரும் செடிவேலி வெட்டறதைப் பத்திப் பேசினாங்க. குருவி கூடு கட்டற காலத்துல வேலியில கைவைக்கக் கூடாதாம். ரொம்ப சந்தோஷம்.

அடுத்தது நான்தான்னு நிமிர்ந்தா, வலது பக்கத்துல இறுக்கமான லைக்ரா போட்ட சைக்கிள் கோஷ்டி. ஆளாளுக்குத் தனி ஆர்டர், தனி கார்டு, நடுவுல ஒருத்தனுக்கு கப்புச்சினோ காபி. (பப்புக்கு வந்து கப்புச்சினோ கேக்கறவனுக்கெல்லாம் தனியா ஒரு நரகம் இருக்கு.) எல்லாம் முடிஞ்சு அந்தம்மா என் பக்கம் திரும்பறப்ப, கோஷ்டியில கடைசி ஆள் நெத்தியில தட்டிக்கிட்டான். "அட, ஒரு கின்னஸும்!" கின்னஸ்ங்கறது கறுப்பு பீர். முக்கால் க்ளாஸ் ஊத்தி, ஓரமா வெச்சு, அது அடங்கி, அப்புறம் மிச்சத்தை ஊத்தணும். அதை முதல்லயே சொல்லணும்கறது இந்த நாட்டுல பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். இவனுக்குத் தெரியல.

அப்பத்தான் பெரியவருக்கு ஞானம் பிறந்தது. "இந்த ஜென்டில்மேன் ரொம்ப நேரமா நிக்கிறார், அவர்தான் அடுத்தது" என்றார், அவ்வளவு மரியாதையா. மணி ரெண்டு முப்பத்தொண்ணு.

பாதி திறந்திருந்த கிச்சன் கதவு வழியா எல்லாம் தெரியுது. பலகை மேல பாதி வெட்டின பீஃப், ஓரம் கருஞ்சிவப்பு, நடுவுல ரோஸ், பக்கத்துல கத்தி. செஃப்பு நிதானமா அதுக்கு பிளாஸ்டிக் தாள் சுத்திக்கிட்டு இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துட்டு இன்னொரு சுத்து சுத்தினார்.

இந்த ரெண்டரை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? முதல் உலகப் போர்! குண்டு செய்யற தொழிலாளி குடிச்சுட்டு வேலையைக் கெடுக்கக் கூடாதுன்னு 1915-ல பல ஊர்கள்ல மதியம் பன்னெண்டு டூ ரெண்டரை, அப்புறம் சாயங்காலம்தான்னு கட்டுப்பாடு போட்டாங்க. போர் 1918-ல முடிஞ்சது. மதியப் பூட்டைக் கழட்ட 1988 ஆச்சு, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் 1995 வரைக்கும் இழுத்தாங்க. இப்ப பார் நாள் முழுக்கத் திறந்திருக்கு. கிச்சனுக்குத்தான் யாரும் தகவல் சொல்லல. ஜெர்மன்காரன் சரணடைஞ்ச சேதி அந்த செஃப்புக்கு இன்னும் போய்ச் சேரல. ஆள் கிடைக்கல, கரன்ட் பில் ஏறிப்போச்சு, எல்லாம் எனக்கும் தெரியும். தெரிஞ்சா பசி அடங்குமா?

"சீஸ் அண்ட் ஆனியன் சிப்ஸ் இருக்கு, போர்க் ஸ்கிராட்சிங்ஸ் இருக்கு" என்றார் அந்தம்மா. அதாவது பன்னித்தோல் வறுவல். பாக்கெட்டைக் கிழிச்சு டேபிள்ல விரிச்சு வெச்சோம். "மாமா, கிரேவி தனியா வருமா?"ன்னான் மச்சினன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாக் கூடத் தேவலை.

இதுல லாப்ரடாருக்கு என்ன மரியாதைங்கறீங்க! பார்ல அதுக்குன்னே ஒரு ஜாடியில பிஸ்கட். கேக்காமலே ரெண்டு கொடுத்தாங்க, கிண்ணத்துல தண்ணி வெச்சாங்க, தலையைத் தடவினாங்க. மணி ரெண்டே முக்கால்.

சிரிப்புதான் வந்துச்சு, வேற என்ன பண்றது. கையில ஒட்டின உப்பைக் கழுவலாம்னு டாய்லெட்டுக்குப் போனேன். ஒரே தொட்டி, ரெண்டு மூலையில ரெண்டு குழாய். ஒண்ணுல கை வெந்துடும், ஒண்ணுல விறைச்சுடும். ரெண்டுக்கும் நடுவுல கையை ஆட்டி ஆட்டிக் கழுவணும், ஈ ஓட்டற மாதிரி. வெந்நீர்க் குழாய்க்கு மேல "ஜாக்கிரதை, தண்ணீர் மிகச் சூடாக இருக்கும்"னு கண்ணாடி போட்டு ஒரு நோட்டீஸ் வேற. அந்த நோட்டீஸுக்குச் செலவு பண்ண காசுக்கு ஒரு மிக்ஸர் குழாய் வாங்கி மாட்டியிருக்கலாமேய்யா!