எந்த எலும்பில் காய்ச்சிய சூப் என்று எழுதிவைக்க ஒரு தாள் கூடவா இல்லை?

ஜப்பானில் சிறிய ராமென் கடை, அதாவது சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் நம்மை முதலில் எதிர்கொள்வது சீட்டு இயந்திரம்தான். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினால்தான் சாப்பாடு. பத்துப் பேர் மட்டுமே அமரக்கூடிய கடையை ஓரிருவர் நடத்தும்போது, சமைக்கும் கை காசைத் தொடாமலிருக்க இது நல்ல ஏற்பாடு என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால், என்ன உண்ணப்போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே பணத்தைக் கட்டவைப்பதும் இதே ஏற்பாடுதான் என்பதை நினைக்கையில் வயிறு எரிகிறது.

நான் கோழியும் மீனும் உண்பேன். பன்றி இறைச்சியைத் தொடுவதில்லை. இயந்திரத்திலோ ஷோயு, ஷியோ, மிசோ என்று வரிசையாகப் பொத்தான்கள் இருக்கின்றன. இவை முறையே சோயா சாஸ், உப்பு, நொதிக்கவைத்த சோயா விழுது ஆகிய சுவையூட்டிகளை மட்டுமே குறிக்கின்றன. அந்தச் சுவையூட்டி கலக்கப்படும் சூப் கோழி எலும்பில் காய்ச்சியதா, பன்றி எலும்பில் காய்ச்சியதா, இரண்டும் சேர்ந்ததா என்பதைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. ஃபுகுவோகா நகரின் டோன்கோட்சு ராமென் சூப் பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுப்பது என்பது ஊரறிந்த செய்தி, ஆகையால் அதை ஒதுக்கிவிடலாம். வெறும் உப்பு ராமென் என்று நம்பி அழுத்தும் பொத்தானுக்குப் பின்னாலும் அதே எலும்பு இருக்கலாம் என்பதுதான் கொடுமை. மேலே வைக்கும் சாஷூ என்ற பன்றி இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் பயனில்லை. சப்போரோ நகரப் பாணி மிசோ ராமெனில் சூட்டைத் தக்கவைக்க மேலே மிதக்கவிடும் கொழுப்பே பெரும்பாலும் பன்றிக் கொழுப்பாக இருக்கும்போது, துண்டை நீக்கி என்ன ஆகப்போகிறது?

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பின்னால் வரிசை நீள்கிறது, உள்ளே இருப்பவர் கொதிக்கும் பாத்திரங்களுக்கு நடுவே நிற்கிறார், கைப்பேசியின் மொழிபெயர்ப்போ 'சிறப்பு ராமென்' என்று மட்டும் காட்டுகிறது. மொழியை மாற்றும் வசதியுள்ள தொடுதிரை இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றிலும் மாறுவது பெரும்பாலும் பெயர் மட்டுமே, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் எந்த மொழியிலும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, 2024 ஜூலையில் வெளிவந்த புதிய யென் தாள்களைப் பழைய இயந்திரங்கள் திருப்பித் துப்பிவிடுகின்றன.

சட்டமும் துணைக்கு வருவதில்லை. ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்ற விதி அங்கே பொட்டலமிட்ட உணவுக்குத்தான், உணவகங்களுக்கு இல்லை. கடையில் வாங்கும் உடனடி நூடுல்ஸ் பொட்டலம் தன் உள்ளடக்கத்தை வரி பிசகாமல் சொல்கிறது, கண்ணெதிரே சமைத்துத் தரும் கிண்ணம் சொல்லாது! 2024-இல் மட்டும் 3.68 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் வந்த நாட்டில், முஸ்லிம்களும் யூதர்களும் சைவ உணவினரும் தினந்தோறும் நிற்கும் ஒரு வாசலில், பன்றி, கோழி, மீன் என்று மூன்று படங்களை ஒட்டிவைக்க என்ன செலவாகிவிடும்?

ஆகாதென்றால் ராமென் கடைக்குள் ஏன் போகிறாய் என்று கேட்பவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். கோழியை மட்டுமே வெள்ளையாகத் திரளும்வரை காய்ச்சி எடுக்கும் சூப்பும் அங்கே உண்டு, கருவாட்டு மணம் தூக்கலாக வரும் காய்ந்த மத்திமீன் சூப்பும் உண்டு. நான் ஆசையோடு உண்ணக்கூடிய கிண்ணம் அந்த இயந்திரத்திலேயே ஏதோ ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கக்கூடும். அந்த மீன் சூப்பிலும் சிலர் பன்றி எலும்பைச் சேர்க்கிறார்கள் என்பதாலும், சேர்த்தாரா இல்லையா என்பது காய்ச்சியவருக்கு மட்டுமே தெரியும் என்பதாலும், பசியோடு வரிசையை விட்டு விலகி வெளியே வர வேண்டியிருக்கிறது.