ரிஷிமூலம் பார்க்கும் பங்க் ரசிகர்கள்

பங்க் ராக், அதாவது எழுபதுகளில் கிளம்பிய வேகமும் இரைச்சலுமான ராக் இசை, பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் பாட்டைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம் தாண்டாது. உடனே ஜாதகத்தைப் பிரித்துவிடுவார்கள். கிளாஷ் பேண்டின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அங்காராவில் பிறந்தவர், அப்பா வெளியுறவுத் துறை, படித்தது விடுதிப் பள்ளி, நிஜப் பெயர் ஜான் மெல்லர். அவர் எப்படித் தெருவைப் பாடலாம்? செக்ஸ் பிஸ்டல்ஸ் துணிக்கடைக்காரர் மால்கம் மக்லாரன் சேர்த்துவிட்ட செட்டு, அது எப்படி அசல்? ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே என்பார்கள். இவர்கள் பார்ப்பதே அதைத்தான்.

அசலா போலியா என்று சண்டை போட்டே தீருவோம் என்றால் கணக்கு நோட்டை நடுவில் வைத்துப் போடலாம். ரெக்கார்டிங்குக்குப் பணம் போட்டது யார், எந்தப் பாட்டை வெளியிடுவது என்று முடிவெடுத்தது யார், கடையில் இசைத்தட்டு என்ன விலை.

1977 ஜனவரி கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம்தான் கிளாஷ் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு 1,00,000 பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டது. அன்றோடு பங்க் செத்தது என்று 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற ஜெராக்ஸ் பத்திரிகை நடத்திய மார்க் பெர்ரி சொன்னதை இன்னமும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அதே வாரம் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் பேண்ட்காரர்கள் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். 500 பவுண்டு கடன், நண்பர்களிடமும் பேண்டில் இருந்த பீட் ஷெல்லியின் அப்பாவிடமும் வாங்கியது. முதலில் அடித்தது 1,000 தட்டு. ஆக ஒன்றின் அடக்கவிலை 50 பென்ஸ்.

ஏன் 1,000? பாட்டை முதலில் அரக்குப் பூசிய தகட்டில் வெட்ட வேண்டும், பிறகு அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். நூறு தட்டு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். நூறோடு நிறுத்தினால் ஒவ்வொன்றின் தலையிலும் அச்சுக்கூலி ஏறி உட்காரும். நாலு பாட்டு, பக்கத்துக்கு இரண்டு, சுமார் ஐந்து நிமிடம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 45 வேகத்தில் சுற்றும் 7 அங்குலத் தட்டில் சத்தம் கூடக்கூடப் பள்ளம் அகலமாகும், இடத்தைத் தின்னும். நேரத்தை இழுத்தால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். நடுவை நெருங்கும் பள்ளங்களில் 'ஸ்' ஓசை வேறு கிழிந்து கேட்கும். பங்க் பாட்டு சின்னதாக இருந்தது இந்தக் கணக்குக்கும் தோதாக அமைந்தது.

அந்த உறையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), மேலே கிட்டார் டப் செய்ததா (பிறகு தனியாக வாசித்துச் சேர்த்ததா) இல்லையா என்று அச்சடித்திருப்பார்கள். 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக், டப் கிடையாது. 'போர்டம்' முதல் டேக், ஒரு கிட்டார் டப். சமையலறைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அதே வருடம் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற பேண்ட்காரர்கள் தங்கள் தட்டை 153 பவுண்டில் முடித்துக் காட்டினார்கள். சிக்கனத்துக்காக இரண்டு பக்கமும் அதே பாட்டுகள். அடுத்த வருடம் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற பேண்ட், ஸ்டுடியோ, அச்சு, உறை எல்லாச் செலவையும் அட்டையிலேயே போட்டுவிட்டது.

இதில் ரசிகர்கள் வசதியாக மறக்கும் ஒன்று: பஸ்காக்ஸும் 1977 ஆகஸ்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு யாரும் பங்குக்குக் கருமாதி செய்யவில்லை.

கிளாஷ் மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குறை அந்த லட்சத்தில் இல்லை. அட்வான்ஸ் என்பது இனாம் இல்லை; ரெக்கார்டிங் செலவு தொடங்கிப் பலதும் ராயல்டியில் கழியும், கழிந்து தீரும்வரை கைக்குக் காசு வராது. வலித்த இடம் வேறு. 1977 மே மாதம் கம்பெனி இவர்களைக் கேட்காமலே 'ரிமோட் கன்ட்ரோல்' பாட்டை சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விட்டது. கையெழுத்தில் போனது அந்த உரிமைதான். பதிலுக்கு இவர்கள் அந்தக் கம்பெனியைத் திட்டியே 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' எழுத, அதையும் செப்டம்பரில் அதே கம்பெனி விற்றது! 1980-ல் 'சான்டினிஸ்டா' ஆல்பத்தின் மூன்று தட்டையும் மலிவு விலைக்குக் கொடுக்க, பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளின் ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். விடுதிப் பள்ளியை எண்ணுகிறவர்கள் இதையும் எண்ண வேண்டாமா?

எதிர்முனையில் கிராஸ் என்ற பேண்ட். கிளாஷைப் பாட்டிலேயே வெளுத்தவர்கள். 1979-ல் 'ரியாலிட்டி அசைலம்' தட்டை 45 பென்ஸுக்கு விட்டார்கள், மற்ற சிங்கிள்களின் விலையில் ஏறக்குறைய பாதி. இதற்கு மேல் கொடுக்காதீர்கள் என்று விலையை உறையிலேயே அச்சடிக்கும் பழக்கம் அவர்களுடையது. ஒரே கோளாறு, வாட் வரியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். விற்ற ஒவ்வொரு தட்டிலும் நஷ்டம். கொள்கையில் பிசிறில்லை, கூட்டல்தான் பிசகியது.

வாசிக்கத் தெரியாதவன்தான் அசல் பங்க் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆல்பத்தில் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸ் ஒரே கிட்டார் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியிருக்கிறார். சுருதி இம்மி விலகினாலும், தாளம் துளி தள்ளினாலும் அடுக்கு கலங்கிப்போகும். பேஸ் கிட்டார்காரர் சிட் விஷஸுக்குக் கை ஓடாததால் பேஸும் பெரும்பாலும் ஜோன்ஸே. ராமோன்ஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜானி தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். நிமிடத்துக்கு 176 தாளம், தாளத்துக்கு இரண்டு அடி என்றால் விநாடிக்கு ஏறக்குறைய ஆறு. மேலும் கீழும் மாற்றி அடித்தால் சுலபம், ஆனால் மேலே போகும் அடி மெலிந்து அந்த இடி மாதிரியான சமச்சீர் போய்விடும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாலோ இரண்டாவது பாட்டிலேயே கை மரத்துப்போகும்.

கடைசியாக ஸ்ட்ராங்ளர்ஸ் என்ற பேண்ட். கீபோர்டு சோலோ உண்டு, டிரம்மர் ஜெட் பிளாக் 1938-ல் பிறந்தவர், முன்னாள் ஐஸ்கிரீம் வியாபாரி. பேண்டின் சாமான்கள் போனதே ஐஸ்கிரீம் வண்டியில். கிழவர்கள், பங்கே இல்லை என்று ஒதுக்கினார்கள். 1976 ஜூலையில் லண்டனின் டிங்வால்ஸ் இசைக் கூடத்தின் வாசலில் இவர்களின் ஷான்-ஷாக் பர்னலும் கிளாஷின் பால் சிமனனும் கைகலக்க, அன்று விழுந்த கோடு பிறகு அழியவில்லை. மூன்று கார்டு (கிட்டாரில் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும் படம் போட்டு, இப்போது பேண்ட் ஆரம்பி என்று சொல்லும் அந்தப் பிரபல சித்திரம் நினைவிருக்கிறதா? பனியனில் போட்டுத் திரிபவர்கள் அதை 'ஸ்னிஃபின் க்ளூ' சமாச்சாரம் என்று சத்தியம் செய்வார்கள். அது வந்தது 1977 ஜனவரியில், 'சைட்பர்ன்ஸ்' இதழில். அது ஸ்ட்ராங்ளர்ஸ் ரசிகர் பத்திரிகை.