குழாய் போடாத இடத்தில் எலும்பே இல்லையோ?

இலங்கையின் மனிதப் புதைகுழிகள் பற்றிய நேற்றைய விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதைகுழிகளை அரசாங்கமே தேடிப் பதிவு செய்கிறதாம், காணாமல் போனோரின் சொந்தக்காரர்களான நாங்கள்தான் நன்றி கெட்டவர்களாம் என்றார் ஒருவர்.

தேடியது யார் ஐயா? திருக்கேதீஸ்வரத்தில் 2013இல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் கண்டார்கள். மன்னாரில் 2018இல் சதொச என்ற அரசாங்கக் கடையின் கட்டட வேலைக்காரர்கள். கொக்குத்தொடுவாயில் 2023இல் மறுபடியும் தண்ணீர்க் குழாய். யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தியில் 2025 பெப்ரவரியில் தகன மேடைக்கு அத்திவாரம் வெட்டியவர்கள். இவர்களைத் தேடவென்றே உள்ள அரசின் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கண்டுபிடித்த கணக்கில் குழாய்க்காரர்கள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள்.

செம்மணி என்ன ரகசியமா? பள்ளி மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தான் சோமரத்ன ராஜபக்ச, 300, 400 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் 15 உடல்களோடு தோண்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது 200க்கும் மேல் வந்திருக்கிறது. நிலத்துக்கடியில் பார்க்கும் ரேடார் ஸ்கேன்கூட எலும்பு வெளியே வந்த பிறகுதான் வந்தது. தேடினார்களாம்.

"பழைய சுடலையில் எலும்பு வராமல் வேறென்ன வரும்?" என்றார் இன்னொருவர். சொந்தக்காரரைப் புதைக்கிறவன் உடுப்பில்லாமல், மேலோட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாகவா போடுவான்? மன்னார் எலும்புகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்று அமெரிக்க ஆய்வகம் சொன்னதே என்பீர்கள். சரி, சொன்னது. செம்மணியில் சின்ன எலும்புக்கூட்டோடு வந்த நீலப் புத்தகப்பையும் அந்தக் கால யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் காலத்ததோ?

1996இல் சைக்கிளில் போன என் பெரியம்மாவின் மகனைக் காவலரணில் மறித்து வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவன் வரவில்லை. 2025 ஓகஸ்ட் 5ஆம் தேதி செம்மணியில் எலும்புகளோடு எடுத்த பொருட்களைப் பொதுமக்களுக்குக் காட்டியபோது பெரியம்மாவும் போனார். சைக்கிள் திறப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனார். அந்தப் புத்தகப்பையைக் கண்டதும், "இது ஆரின்ர பிள்ளையின்ரயோ" என்று அங்கேயே நின்றுவிட்டார். திறப்பைத் தேடவே இல்லை. இதே மனுஷியிடம்தான் ஓர் அலுவலகத்தில், "நட்டஈடு 2 லட்சத்தை வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடலாமே அம்மா" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"புலிகள் புதைத்தது?" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு: அதையும் தோண்டுங்கள். நான் எங்கே வேண்டாம் என்றேன்? செம்மணி என்றவுடன் மட்டும் உங்களுக்கு அந்த ஞாபகம் வருவது ஏன்?

அப்புறம், இன்று ஆட்சியில் இருக்கும் ஜே.வி.பி.காரர்களின் தோழர்களும் 1988, 89இல் இப்படித்தான் காணாமல் போனார்கள். மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் 2012இல் வெளிவரத் தொடங்கி 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அதுவும் கட்டட வேலைக்குத் தோண்டியபோது வந்ததுதான். அந்தச் சிங்களத் தாய்மாருக்கே ஒழுங்கான பதில் இல்லை. இவர்கள் என் அண்ணனைத் தேடித் தருவார்களாம்!