முல்லைப் பெரியாறும் நாம் கேட்காத கேள்விகளும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கத் தொடங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கின் வாட்ஸ்அப் குழுக்களில் முல்லைப் பெரியாறு அணை ஆண்டுதோறும் ஒருமுறை உடைந்துவிடுகிறது. எந்த நாட்டிலோ எந்த ஆண்டிலோ எடுக்கப்பட்ட வெள்ளக் காட்சி, அதன்மேல் பதற்றமான ஒரு குரல், கீழே ‘உடனே பகிரவும்’ என்ற கட்டளை. அணை இருப்பது கேரளத்தில், அதன் தண்ணீர் வருவது தமிழ்நாட்டுக்கு. எல்லை ஊரான குமுளிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது அச்சத்தை ஊட்டுகிறது, இந்தப் பக்கம் இருக்கும் நமக்குக் கோபத்தை ஊட்டுகிறது. இரண்டு பக்கத்தாரும் தவறாமல் பகிர்கிறோம்.

இதற்கு மாற்றாகப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை, ‘எதையும் நம்பாதே’ என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதையும் நம்பாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சொல்வதை மட்டுமே நம்பாதவராக இருக்கிறார். தம் பக்கத்துச் செய்தி வந்தால் அவருடைய சந்தேகம் உறங்கிவிடுகிறது. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளவரை ஏமாற்றுவது அதைவிடக் கடினம். அந்த ஆசைக்குப் பக்கம் தெரியாது.

அணையையே எடுத்துக்கொள்வோம். 999 ஆண்டு என்ற எண் நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ‘ஆயிரம் வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் வெள்ளைக்காரன்’ என்று மேடையில் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே எழுதப்பட்டது நிலக் குத்தகை ஒப்பந்தம். அந்த எண் குத்தகையின் காலம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டுமானத்தின் ஆயுளைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அதேபோல, ‘சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கொண்டு கட்டிய பழைய அணை, எப்போது வேண்டுமானாலும் போய்விடும்’ என்று எதிர்ப்பக்கத்தில் பேசுபவர்கள், 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்ட பிறகு நடந்த பலப்படுத்தும் பணிகளைச் சொல்வதில்லை. அணையின் தலையில் கனமான கான்கிரீட் ஏற்றினார்கள், கம்பி வடங்களை அணைக்குள் செலுத்தி அடிப்பாறையோடு இறுக்கினார்கள், பின்புறம் கான்கிரீட் சுவரால் அணைகொடுத்தார்கள். தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் வகை அணை இது என்பது தெரிந்தால்தான் இந்தப் பணிகள் எதற்காக என்பது விளங்கும். நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னணியில் இந்தப் பணிகளும் இருக்கின்றன.

இன்னொரு எண் 104. ஏறத்தாழ அந்த அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் தேக்கடியிலிருந்து நம் பக்கம் வரும் சுரங்கத்துக்குள் ஏறாது. 142 என்ற எண்ணுக்காகச் சாலையில் அமர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த 104 தெரியும் என்று நான் யோசித்ததுண்டு. தெரிந்திருந்தால் அவர்களுடைய கோரிக்கை இன்னும் வலுவாகவே இருந்திருக்கும், ஏனென்றால் மேலே ஏறும் ஒவ்வோர் அடியும் நமக்கு ஏன் பெரிது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இவற்றைக் கேட்காமல் விட்டதன் விலையை 2011ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் பார்த்தோம். இடுக்கியில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளில் தொடங்கிய அச்சம் எல்லைச் சாலைகளை மூடும் அளவுக்கு வளர்ந்தது. ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கூலி நின்றது, மேலே குடியிருந்த குடும்பங்கள் மலையிறங்கி ஓடிவந்தன, இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நமக்குப் பிடித்த கதைகளிடம்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டினார் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட வேதவாக்கு. அணை சென்னை மாகாண அரசின் திட்டம், அரசுப் பணத்தில் நடந்த வேலை; நகை விற்றதற்கு ஆவணம் காட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை. இதைச் சொன்னால், ‘அவர் படத்தை வீட்டில் வைத்துக் கும்பிடுகிறோம், நீங்கள் இப்படிப் பேசலாமா அண்ணே?’ என்று வருத்தப்படுகிறார்கள். நானும் அவரை மதிப்பவன்தான். கட்டியதை வெள்ளம் அடித்துச் செல்ல மீண்டும் கட்டியதும், காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்துகொண்டிருந்த காட்டில் வேலையை முடித்ததும் அவரை மதிக்கப் போதாதா? 2021இல் மதுரையில் அவர் வாழ்ந்த வீட்டை இடித்து நூலகம் கட்டப்போகிறார்கள் என்று ஒரு புயல் எழுந்தபோது, அந்தக் கட்டடம் அவர் இறந்த பிறகே கட்டப்பட்டது என்று மாவட்ட நிர்வாகம் விளக்கியது. அவர் இறந்தது 1911இல். அந்த ஆண்டைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கொதித்தவர்களில் பலருக்குத் தேடத் தோன்றவில்லை.

படிப்பு இருந்தால் இது தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதல் போன்ற பிரச்சினைகளில் அறிவியல் அறிவு கூடக் கூட இரு அரசியல் தரப்பினரும் ஒருவரைவிட்டு ஒருவர் மேலும் விலகிப் போவது தெரிந்தது. படித்தவர் தம் கட்சிக்கு இன்னும் திறமையாக வாதாடுகிறார், அவ்வளவுதான். அறிவியலை அறியும் ஆர்வம் மிகுந்தவர்களிடம் அந்த விலகல் அப்படிக் கூடவில்லை. தங்கள் கருத்துக்கு எதிராக இருந்தாலும் வியப்பூட்டும் செய்தியைத் தேர்ந்து படிக்கும் போக்கு அவர்களிடம் காணப்பட்டது. எங்கள் பகுதிப் பொறியாளர்கள் சிலரின் முகநூல் பக்கங்களைப் பார்க்கும்போது இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இந்த ஆர்வத்தைத் தீர்த்துக்கொள்ள மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. குமுளியில் கடை வைத்திருக்கும் பலர் இரண்டு மொழி நாளிதழ்களையும் புரட்டுகிறார்கள். நீர்மட்டம் ஏறும் நாளில் ஒன்றில் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’, மற்றதில் ‘கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’, எண் ஒன்றுதான். மலையாளம் பேசத் தெரிந்த நம் பிள்ளைகள் அதன் எழுத்தையும் கற்றுக்கொண்டால் 2021 டிசம்பரில் நடந்தது போன்றவை கண்ணில் படும். அப்போது இரவில் மதகுகள் திறக்கப்பட்டு அணைக்குக் கீழே கேரளத்தில் உள்ள வண்டிப்பெரியாறு ஊரின் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே அது முதல் பக்கச் செய்தி, இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. 142 அடி நம் உரிமை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்தக் கரையில் தூக்கம் கெட்டவர்களை ‘மலையாளிகள்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுபவர்கள், வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்த மொழி பேசுகிறார்கள் என்று விசாரித்துப் பார்க்கலாம். தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழர்கள் அவர்கள்.