நிரல் நிற்கும் இடத்தை மாற்றுகிறவர்களுக்கு
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்திற்காக, குலைகளின் எடையைப் பதியும் நிரலைப் பராமரித்து வருகிறேன். மூன்று நாள் பதிவுகளைக் காணவில்லை என்று கிராணி (தோட்ட எழுத்தர்) பதறியபோது, காரணத்தைத் தேடி இரண்டு இரவுகளை இழந்தேன்.

நிரலின் ஒரு திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழை), அறிக்கை தயாரிப்பதற்காக ‘சிஹெச்டிர்’ (chdir) என்னும் சிஸ்டம் அழைப்பால், அதாவது இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கையால், நடப்புக் கோப்புறையை (நிரல் அப்போது நிற்கும் இடத்தை) மாற்றியிருக்கிறது. நடப்புக் கோப்புறை திரெட்டுக்கு ஒன்றாக இல்லாமல் புரோசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) முழுவதற்கும் ஒன்றே ஆதலால், முழுப் பாதையைத் தராமல் வெறும் கோப்புப் பெயரை நம்பி எழுதிக்கொண்டிருந்த மற்றொரு திரெட்டின் பதிவுகளும் அந்த அறிக்கைக் கோப்புறைக்குள்ளேயே போய் விழுந்துவிட்டன.

இதைவிட என்னை வருத்துவது, அந்த அழைப்பு தரும் விடையை, நிரலை எழுதியவர் ஓரிடத்திலும் பார்க்காததுதான். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் -1 என்று அது ஒவ்வொரு முறையும் சொல்கிறது. கோப்புறையே இல்லை, அல்லது அனுமதி இல்லை என்ற காரணத்தையும் ‘எர்னோ’ (errno) என்னும் பிழைக்குறி மாறியில் வைத்துவிட்டுப் போகிறது. அதைக் கேளாமல் அடுத்த வரியிலேயே பழைய கோப்புகளை அழிக்கச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

ஒரு புரோசஸ் தொடங்கிவைக்கும் சேய் புரோசஸ் செய்யும் மாற்றம் தாயைத் தொடாது. நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லில், கோப்புறை மாற்றும் ‘சிடி’ (cd) கட்டளை ஷெல்லுக்குள்ளேயே அமைந்திருப்பதற்கும் அதுவே காரணம். அறிக்கையைத் தனிச் சேயாக இயக்கியிருக்கலாம். இருந்த இடத்திலிருந்தே வேறு கோப்புறையின் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்அட்’ (openat) அழைப்பு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

‘சிஹெச்டிர்’ அழைப்பை, அது இருந்த எல்லா இடங்களிலிருந்தும் நீக்கிவிட்டேன். கலந்துபோன எடைகளைக் கிராணியும் நானும் ரசீதுகளோடு ஒப்பிட்டு இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.