எங்கே கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

பாதி நினைவில் நிற்கும் ஒரு பாட்டையோ, பெயர் மறந்துபோன ஒரு படத்தையோ, அட்டை கிழிந்த ஒரு நாவலையோ தேடி இங்கே கேள்வி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர், பாட்டைப் பற்றித் தங்களுக்குத் தோன்றுவதையெல்லாம் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, அதை எந்த ஊரில், எந்த வயதில், எதன் வழியாகக் கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அது தங்கள் சொந்தக் கதை, மற்றவர்களுக்கு எதற்கு என்ற கூச்சமாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தேடுவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கும் எனக்கு, அந்தச் சொந்தக் கதைதான் முதலில் வேண்டும். பாட்டின் வரி அதற்கு அடுத்தபடிதான்.

ஏனென்றால் வரி மாறிப்போகும். 1966இல் பிரவுன், மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாக்கு நுனியில் நிற்கும் சொல்லைப் பற்றி ஆராய்ந்தபோது, சொல் நினைவுக்கு வராதவர்களுக்கும் அதன் முதல் எழுத்தும் அசைகளின் எண்ணிக்கையும் பல நேரம் சரியாகத் தெரிந்திருந்தன. எதுகை மோனையில் ஊறிய நமக்கு இது புதிய செய்தியன்று. மோனையை விடாமல் பிடித்துக்கொண்டு சொல்லைத் தொலைத்துவிடுகிறோம், தொலைந்த இடத்தில் அதே எழுத்தில் தொடங்கும் வேறு சொல்லை வைத்துப் பாடிக்கொண்டு வாழ்நாளையே ஓட்டிவிடுகிறோம். கதையின் நிலைமை இன்னும் மோசம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் செய்து, பிறகு பல முறை திரும்பச் சொல்லவைத்தார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. அவர்களுக்குப் புரியாதவை உதிர்ந்தன. தோணி படகாக மாறியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்ததாகச் சத்தியம் செய்கிற அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குள் அந்தச் சேலைக்கு நிறம் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இடமும் காலமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. "நான் ஏழாம் வகுப்பு, ஆச்சி வீடு, அடுக்களையில் ரேடியோ" என்று ஒருவர் சொன்னால் அதை நான் பெரும்பாலும் நம்புவேன். நம் திருநெல்வேலிச் சீமையைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிக்குள் பாதி விடை இருக்கிறது. எந்த ரேடியோ என்பதைப் பொறுத்துப் பாட்டின் சாதியே மாறிவிடும். 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. சினிமாப் பாட்டுக்கு அங்கே மறுபடி இடம் தந்த விவித் பாரதி வந்தது 1957இல். திருநெல்வேலிக்கென்று ஒரு நிலையம் வந்தது 1963இல். இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்தில் சினிமாப் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாலும் நம் கரைகளில் அது தெளிவாகக் கேட்டது. திருநெல்வேலி நிலையம் வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் இலங்கையைவிட்டு முள்ளை நகர்த்தாத வீடுகள் இருந்தன, அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொந்தக்காரர்களின் குரலைப் போல அடையாளம் சொல்வார்கள்.

உவரிப் பக்கத்து நண்பர் ஒருவர் நெடுங்காலமாக ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். துள்ளலான மெட்டு, ஆண் குரல், கிதார், நடுவில் எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாடும் ஒரு பகுதி. எழுபதுகளின் ஏதோ ஒரு நகைச்சுவைப் படத்தில் வந்தது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை, அதனால் அவர் எழுதிய ஒவ்வொரு கேள்வியும் "எந்தப் படம்?" என்றே முடியும். பதில் சொன்னவர்களும் படப் பெயர்களாகவே அடுக்கினார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் ஒருவர், கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "நீங்கள் இதைத் திரையில் பார்த்தீர்களா, காதால் மட்டும் கேட்டீர்களா?" என்று கேட்டார். நண்பர் யோசித்துப் பார்த்தார். கடற்கரைச் சாயாக்கடையில், வலை உலர்த்திவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், ரேடியோவில் கேட்டது மட்டும்தான். படம் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. சினிமாவில் வராத பாட்டு ரேடியோவில் வரும் என்பது நமக்குத் தோன்றாது அல்லவா! அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஆகவில்லை. அது ஈழத்துப் பொப்பிசை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இலங்கையில் தமிழிலேயே எழுதி மெட்டமைத்துப் பாடிய, எந்தப் படத்திலும் இடம்பெறாத பாட்டுகளில் ஒன்று. "சின்ன மாமியே" நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் கேட்ட பாட்டுதான். அதைப் பாடிய நித்தி கனகரத்தினத்தின் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நண்பர் தேடியது அந்தப் பாட்டு அன்று, அதன் கூடப்பிறந்ததுபோன்ற இன்னொன்று. இங்கே நான் கவனிக்கச் சொல்வது, விடையைத் திறந்த கேள்வி எது என்பதைத்தான். அந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு இசை அறிவு நம்மைவிட அதிகம் என்று தோன்றவில்லை. அந்த ரேடியோவின் மறுமுனையில் வளர்ந்தவர் அவர்.

காதால் மட்டும் பார்த்த படங்கள் என்று ஒரு வகையே நம் பக்கத்தில் உண்டு. அம்மன் கோவில் கொடைக்கும், சடங்கு வீட்டுக்கும் ரேடியோ செட்டுக் கட்டினால், சாயங்காலம் பாட்டு ஓய்ந்தபின் படத்தின் வசனத்தைப் பதிந்த கதைவசன இசைத்தட்டைப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில், படத்தின் ஒலியை மட்டும் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் வரும். இவற்றைக் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்கள் சிலர், ரத்னா தியேட்டரிலும் பார்வதியிலும் பார்த்த படங்களுக்கும் வேப்பமரத்தில் கட்டிய குழாயில் கேட்ட படங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல், இரண்டையும் பார்த்ததாகவே பேசுவார்கள். காட்சியை விவரிக்கச் சொன்னால் வசனம் வரும், முகம் வராது. ஒருவர் கேள்வியில் வசனம் மட்டுமே இருந்தால் நான் படப் பட்டியலுக்குப் போவதற்கு முன் இசைத்தட்டுப் பட்டியலுக்குப் போவேன்.

பாட்டிலும் இதே சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம். படத்தில் இருந்த சரணம் தட்டில் இல்லாமல் போவது சாதாரணம். ஆகவே தியேட்டரில் கேட்டவருக்கும் ரேடியோவில் கேட்டவருக்கும் பாட்டு வேறு வேறாக நினைவிருக்கும். இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். கேசட் காலத்தில் இது வேறு வடிவம் எடுத்தது. கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை எங்களுடையது. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படியொரு கேசட் இன்னும் இருக்கிறது: உள்ளட்டையில் மேலே பிள்ளையார் சுழி, சிவப்பு மையில் வரிசை எண், நீல மையில் பாட்டின் முதல் சொல், கடைசி வரிக்கு இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியது ஈரம் பட்டு அழிந்திருக்கிறது. அந்தக் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது. முழுப் பாட்டைக் கண்டுபிடித்து அனுப்பியபோது, "இது நீளமா இருக்கே, இது அது இல்லையே" என்றார். நாடா தீரும் கதையை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

புத்தகம் தேடுவது ஒரு விதத்தில் எளிது, கையில் காகிதம் இருந்தால். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்து வைக்கும் வழக்கத்தால் முதல் பக்கம் போன நாவல்கள் நம் பரண்களில் ஏராளம். அவற்றைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் கதை இருக்கும் பக்கத்தை மட்டும் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது அதன் பின்பக்கம். அங்கே ஒரு படத்தின் விளம்பரமோ, தீபாவளித் துணி விளம்பரமோ, தேர்தல் கேலிச்சித்திரமோ இருந்தால் ஆண்டு கிடைத்துவிடும். ஆண்டு கிடைத்தால் எந்தப் பத்திரிகை என்பது எழுத்துருவிலும் ஓவியரின் கோட்டிலும் தெரிந்துவிடும். கதைச் சுருக்கத்தைக் கேட்டு ஊகிப்பதைவிட இது நூறு மடங்கு மேல். மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த சிறுவர் நூல்களைத் தேடுகிறவர்களும், "ஒரு பையன், ஒரு கரடி, பனி" என்று எழுதுவதை விட்டு, படம் எத்தனை வண்ணத்தில் இருந்தது, தாள் வழவழப்பா சொரசொரப்பா, எந்த ஊர்க் கண்காட்சியில் யார் வாங்கிக் கொடுத்தது என்று எழுதலாம். பனியும் கரடியும் இல்லாத ருசியக் கதை எங்கே இருக்கிறது? (காமிக்ஸ் வாசகர்களை மட்டும் நான் இதில் சேர்க்கமாட்டேன். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் முதலாக இதழ் எண்ணையும் விலையையும் ஒப்பிக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கும்.)

முன்பின் தெரியாதவர்களிடம் போய் நிற்பது தமிழுக்குப் புதிதும் அன்று. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அதற்கு முன் ஏடு தேடி நம் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடு வீடாகப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்திருந்த நிலையில், லட்சுமண கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்த சுவடியை இரவில் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் முல்லைப்பாட்டு. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் வரும் இடத்தில் விட்டுப்போயிருந்த வரிகள் தருமபுரம் மடத்து ஏட்டில் கிடைத்தன. ஐயருக்கு வேண்டியதை வைத்திருந்தவர்களில் பலருக்குத் தம்மிடம் இருப்பது இன்னது என்று தெரியாது. தெரிந்திருந்தது அவை யார் வீட்டில் இருக்கின்றன என்பதுதான். இன்றும் எனக்கு விடை சொன்னவர்களில் பாதிப்பேர், "எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று தொடங்கியவர்களே.

இயந்திரம் இருக்கும்போது மனிதர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 முதல் கூகுளில் முணுமுணுத்தே பாட்டைத் தேடலாம். பதிவாகி வெளிவந்த, ஓரளவு பிரபலமான பாட்டு என்றால் அது அருமையாக வேலை செய்கிறது, நானும் அதைத்தான் முதலில் முயல்கிறேன். திருநெல்வேலி நிலையத்தில் ஒரு காலத்தில் ஒலித்து, தட்டாகவோ கேசட்டாகவோ வெளிவராமல் போன மெல்லிசைப் பாட்டை அது எங்கே போய்ப் பிடிக்கும்? செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் சேதி வேறு. ஒன்றிடம் ஒரு பழைய படத்தைப் பற்றிக் கேட்டேன். படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு, இசையமைப்பாளர் என்று ஒரு நொடியில் வரிசையாகக் கொடுத்தது. அப்படியொரு படமே வந்ததில்லை. தெரியாது என்று சொல்லத் தெரிந்த மனிதர் அதைவிட எவ்வளவோ மேல்.

பெயர் கிடைப்பதோடு எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) இன்று எங்கும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல்தான் ஏற்பட்டது. அதற்குள் எத்தனையோ படச்சுருள்கள் வீணாகிவிட்டன. "படத்தின் பெயர் இது, பிரதி கிடையாது" என்று பதில் எழுத நேரும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கும். அதுவும் விடைதான்.

விடை கிடைத்தவுடன் கேள்வியை நீக்கிவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரு பாட்டை ஒருவர் மட்டும் தேடுவதில்லை. ஜெர்மனியில் 1984 வாக்கில் ஓர் இளைஞர் வானொலியிலிருந்து ஒலிநாடாவில் பதிந்த ஒரு பாட்டு, யார் பாடியது என்று தெரியாமலே 2007இல் இணையத்துக்கு வந்தது. உலகமெங்கும் முகம் தெரியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடி, 2024 நவம்பரில் கீல் நகரத்து ஃபெக்ஸ் என்ற குழுவின் பாட்டு என்று கண்டுபிடித்தார்கள். பழைய செய்தித்தாளில் ஓர் இசைவிழாச் செய்தியைப் புரட்டியவர் வழியாக அது வெளிவந்தது. அத்தனை ஆண்டுகளும், "இந்தக் குழு அன்று, விசாரித்துவிட்டோம்" என்ற பதில்களையெல்லாம் அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். தவறான விடைகளின் பட்டியல் அடுத்தவருடைய உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஆகவே கிடைத்தால், கிடைத்தது என்று எழுதுங்கள். இன்னார் சொன்னார் என்றும் எழுதுங்கள். எது எது இல்லை என்பதையும் விட்டுவையுங்கள்.

இனி என்னுடைய கேள்வி. 1979 அல்லது 1980. செய்துங்கநல்லூரில் மாமா வீடு, வால்வு ரேடியோ, மதியச் சாப்பாட்டுக்குப் பின். முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே பிசான நெல் அறுப்பு முடிந்த மாசி பங்குனியாக இருக்க வேண்டும். பெண் குரல், ஒற்றைக் குரல்; வில்லுப்பாட்டின் சாயல் உண்டு, ஆனால் வில்லுப்பாட்டு அன்று; உடுக்கு இல்லை, புல்லாங்குழல் இருந்தது. "அக்கரைச் சீமையிலே" என்பது நிச்சயமாக வரும். ரயில் என்ற சொல்லும் வருவதாகத் தோன்றுகிறது. வீட்டுக்குப் பின்னாலேயே திருச்செந்தூர் ரயில் போகும், அது தானாகப் பாட்டுக்குள் நுழைந்திருக்கலாம், ஆகவே அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். திரையில் பார்த்ததில்லை. மாமா மாலையில்தான் இலங்கைக்கு மாற்றுவார் என்பதால் இது திருநெல்வேலி நிலையமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதுவரை வந்த விடைகளில் பொருந்தாதவற்றை முதல் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நாட்களில் நிலையத்தில் பாடியவர்களோ வாசித்தவர்களோ உங்கள் தெருவில் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.